அடிபட்ட குழந்தை கையில் ஃபோனைக் கொடுத்தால் போதுமா?

ஜூன் 3, காலை: கேள்வி

அடிபட்ட சின்னக் குழந்தையைக் கேஷுவால்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் இரண்டே விஷயம்தான் வேலைக்கு ஆகும் என்பது என் கட்சி. ஒன்று, ஃபோனில் கார்ட்டூன். இரண்டு, அம்மா அப்பாவை வெளியே நிறுத்திவிடுவது. பெற்றோரைப் பார்த்தால்தான் குழந்தை இன்னும் கத்துகிறது. பொம்மை, பலூன், கொஞ்சல் எல்லாம் சும்மா பம்மாத்து. மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு 10.15

அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். முதல் கட்சியில் பாதி சரி. இரண்டாவதை ஒத்துக்கொள்ள மாட்டேன், அதற்கு நேரம் கிடைக்கும்போது வருகிறேன்.

கார்ட்டூன் வேலை செய்யும். ஆனால் எதற்குப் பிறகு என்பதுதான் விஷயம். எலும்பு முறிந்த கையோடு வந்த குழந்தைக்கு முதலில் கைக்கு அசையாதபடி கட்டை வைத்துக் கட்ட வேண்டும், எடை பார்த்து வலி மருந்து கொடுக்க வேண்டும். அப்புறம்தான் ஃபோன், பலூன், கதை எல்லாம். வலி மருந்தைத் தள்ளிப்போட்டுவிட்டு விளையாட்டுக் காட்டினால் அதற்குப் பெயர் ஏமாற்று வேலை. குழந்தைக்கும் அது தெரிந்துவிடும்.

கவனம் வேறு பக்கம் போனால் வலி குறைவது கற்பனை இல்லை. மெல்சாக், வால் என்ற இருவர் 1965-இல் வலியைப் பற்றி ஒரு கோட்பாடு சொன்னார்கள்: காயத்திலிருந்து கிளம்பும் சேதி தண்டுவடத்தில் ஒரு கதவைத் தாண்டித்தான் மூளைக்குப் போகிறது, பயம், கவனம், தொடுதல் எல்லாம் அந்தக் கதவைக் கொஞ்சம் திறக்கவோ மூடவோ செய்யும். விவரங்களில் பிறகு நிறைய மாறிவிட்டது, அடிப்படை நிற்கிறது. இடித்துக்கொண்ட முழங்காலை நாம் தேய்த்துக்கொள்வதும் இதே கணக்குதான். ஆனால் கதவு கொஞ்சம்தான் மூடும். முறிந்த எலும்புக்குக் கார்ட்டூன் மட்டும் போதாது.

ஜூன் 3, இரவு 10.40

மேலே எழுதியதற்கும் முன்னால் வர வேண்டியது ஒன்று. கத்திக்கொண்டு வரும் குழந்தையைப் பார்த்து நாங்கள் பயப்படுவதில்லை. கத்த முடிகிறது என்றால் மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது. அடிபட்டு வந்து, யார் தூக்கினாலும் சும்மா கிடக்கும் குழந்தைதான் வயிற்றைக் கலக்கும். அம்மா மடிக்குப் போனதும் அடங்குகிறதா, டார்ச் வெளிச்சத்தைக் கண்ணால் தொடர்கிறதா, பொம்மைக்குக் கை நீட்டுகிறதா என்று வாசலில் நின்றே பார்ப்போம். ஆக, கொஞ்சுவது சோதனையின் பாகம். பம்மாத்து இல்லை.

ஜூன் 4, மதியம்

ஃபோன் பற்றி விரிவாக.

பார்த்துக்கொண்டிருப்பது வேறு, செய்துகொண்டிருப்பது வேறு. கார்ட்டூன் ஓடும்போது குழந்தையின் கண் திரையில் இருக்கும், காது நம் கத்தரிக்கோல் சத்தத்தில் இருக்கும். ஊசி தோலைத் தொட்ட கணமே கார்ட்டூன் காலி. குழந்தைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் அவ்வளவு சீக்கிரம் அறுபடாது.

தாடை கிழிந்து வந்த நான்கு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி. காயத்தின் மேல் மரத்துப்போகும் ஜெல்லை வைத்து மூடிவிட்டோம். அது பிடிக்க இருபது முப்பது நிமிடம் ஆகும். சுற்றியுள்ள தோல் வெளுத்தால் மரத்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்துக்குள் டார்ச்சை அவள் கையில் கொடுத்துவிட்டேன். விட்டத்தில் வெளிச்ச வட்டம் விழுகிறது. "அது ஒரு பூனை. விளக்குப் பக்கம் போகச் சொல்லு. இப்போ மூலைக்கு." தையல் போட்ட டாக்டருக்குத் தாடை அசையாமல் இருக்க வேண்டும், அவளுக்கோ பூனையை ஓட்ட வேண்டும், அதற்கு மேலே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு தேவையும் ஒரே திசையில் அமைந்துவிட்டது. மூன்றாவது தையலில், "பூனைக்குத் தூக்கம் வருது, ஆனா நான் தூங்க விட மாட்டேன்" என்றாள், வாயை அதிகம் திறக்காமலே. டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

ஜெல் பிடிக்கவில்லை என்றால் பூனை விட்டத்தைத் தாண்டி ஓடியிருக்கும், அதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஜூன் 4, மாலை

ஃபோனையே நம்புகிறவர்களுக்குச் சில நடைமுறைகள். வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் சிறு குழாய்) போட வேண்டிய கையில் ஃபோனைக் கொடுக்காதீர்கள். இணையம் இல்லாமலே ஓடும்படி இரண்டு மூன்று வீடியோவை முன்கூட்டியே இறக்கி வைத்திருங்கள். நடுவில் விளம்பரம் வந்தால் அந்த ஐந்து நொடியில் எல்லாம் போச்சு. கடைசியாக, தயவுசெய்து விமானப் பயன்முறை. தையல் நடுவில் பாட்டி வீடியோ காலில் வந்து "ஐயோ என் தங்கமே, என்னடா ஆச்சு" என்று அழ, அதுவரை சமர்த்தாக இருந்த குழந்தை கூடவே அழ, அதைக் கண்டு பாட்டி இன்னும் சத்தமாக அழ... எல்லா கேஷுவால்டியிலும் நடக்கிற கதைதான்.

இன்னொன்று. ஃபோனில் மூழ்கிய குழந்தைக்கு வலி இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முகம், கால், அசைவு, அழுகை, சமாதானமாவது ஆகிய ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போட்டு, மொத்தம் பத்துக்கு வலியை அளப்போம். ஃப்ளாக் அளவை என்று பெயர். சொல்லத் தெரியாத சின்னக் குழந்தைகளுக்காக வந்தது. திரையில் கண் வைத்திருக்கும் குழந்தை இதில் பூஜ்யம் வாங்கும், ஆனால் அடிபட்ட காலை மட்டும் கல் மாதிரி அசைக்காமல் வைத்திருக்கும். அடுத்த வேளை வலி மருந்து விட்டுப்போவது இப்படித்தான்.

ஜூன் 5, இரவு

"ஒன்னும் இல்லடா, ஒன்னும் ஆகல, பயப்படாத." நாம் எல்லோரும் சொல்வது. நானும் என் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன், இனிமேலும் வாயில் வரும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஊசி போடும்போது பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்து, எந்தப் பேச்சுக்குப் பிறகு குழந்தை தேறுகிறது, எதற்குப் பிறகு உடைகிறது என்று வரி வரியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வுகள் 1980-களிலிருந்தே இருக்கின்றன. தேற்றுவது, பரிதாபப்படுவது, மன்னிப்புக் கேட்பது மூன்றும் அழுகை கூடுவதோடுதான் சேர்ந்து வந்தன. வேறு விஷயம் பேசுவது, சிரிக்க வைப்பது, "இப்போ ஊது" என்று செய்ய ஏதாவது சொல்வது இவை தேறுவதோடு வந்தன. அழுவதால் தேற்றுகிறோமா, தேற்றுவதால் அழுகிறதா என்று நியாயமாகக் கேட்கலாம். இரண்டும் கலந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. குழந்தை கேட்பது சொல்லை இல்லை, குரலை. "பயப்படாத" என்று நடுங்கும் குரலில் ஒருவர் சொன்னால், பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

பதிலுக்கு என்ன சொல்வது? நடப்பதைச் சொல்லுங்கள். "நர்ஸ் ஈரப் பஞ்சால் துடைக்கப் போறாங்க, ஜில்லுன்னு இருக்கும். நீ என் விரலை எவ்வளவு அழுத்த முடியும்னு காட்டு." அவ்வளவுதான். ஒருவர் மட்டும் பேசுங்கள். நான்கு பேர் நான்கு பக்கத்திலிருந்து சமாதானம் சொன்னால் அது சந்தைக்கடை இரைச்சல்.

ஜூன் 5, கொஞ்சம் கழித்து

நான்கு பக்கத்திலிருந்து பேசுகிறவர்களில் டாக்டர்களும் உண்டா என்று கேட்டவருக்கு: ஆமாம், அவர்களும் அந்த நான்கு பேரில் உண்டு.

ஜூன் 7

இப்போது பெற்றோரை வெளியே நிறுத்தும் கட்சிக்கு வருகிறேன்.

அம்மாவைப் பார்த்ததும் குழந்தை அதிகமாக அழுவது உண்மை. அது வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது, சொந்த ஆளைப் பார்த்ததும் கொட்டுகிறது. சத்தம் குறைந்தால் வேதனை குறைந்தது என்று கணக்குப் போடுவதுதான் பழைய மருத்துவமனைகள் செய்தது. பிரிட்டனில் குழந்தைகள் வார்டுகளில் பெற்றோர் வந்து பார்ப்பதற்கே கடும் கட்டுப்பாடு இருந்தது. பிள்ளை அமைதியாகிவிட்டது, பழகிவிட்டது என்றார்கள். அது பழகியது இல்லை, நம்பிக்கை விட்டுப்போனது என்று காட்டியவர்கள் ஓயாமல் எழுதிய பிறகு, 1959-இல் மருத்துவமனையில் குழந்தைகள் நலன் பற்றிய அரசின் பிளாட் குழு அறிக்கை பெற்றோரைத் தாராளமாக உள்ளே விடச் சொன்னது.

ஆனால் சும்மா நிற்க வைத்தாலும் பயனில்லை. மூலையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் அப்பா தானும் மயங்கி விழுந்து எங்களுக்கு இரண்டாவது நோயாளி ஆவார். (நடக்கும். அதனால் நாற்காலியில் உட்காரச் சொல்வது என் வழக்கம்.) அவருக்கும் வேலை கொடுக்க வேண்டும். சிறந்த வேலை, பிடித்துக்கொள்வது. அழுத்திப் பிடிப்பது இல்லை. குழந்தையை மடியில் நெஞ்சோடு நெஞ்சாக உட்கார வைத்து, கால்கள் இரண்டும் இடுப்பைச் சுற்றி, ஒரு கை அம்மாவின் முதுகுப் பக்கம், ஊசி போட வேண்டிய கை மட்டும் எங்கள் பக்கம் நீட்டி. குழந்தைக்கு அது அணைப்பு. எங்களுக்கு அசையாத கை.

மல்லாக்கப் படுக்க வைத்தால் இரண்டு வயதுக் குழந்தைக்கு அப்போதே போர் ஆரம்பம். நீங்களே மல்லாந்து படுத்துக்கொண்டு, முகமூடி போட்ட நான்கு தலைகள் மேலிருந்து எட்டிப் பார்ப்பதை நினைத்துப் பாருங்கள். தலையை ஸ்கேன் செய்வது, கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் போன்றவற்றில் வேறு வழியில்லை. மற்ற வேளைகளில் உட்கார்ந்தே முடிக்கலாம். மூக்கு நுனியிலிருந்து சோதிக்க ஆரம்பிக்காமல் கால் விரலிலிருந்து மேலே போவதும், வலிக்கிற இடத்தைக் கடைசியில் தொடுவதும் இதனால்தான்.

பெற்றோருக்குப் பார்க்க முடியவில்லை என்றால் வெளியே போகட்டும். அதில் வெட்கம் இல்லை. சித்தியோ தாத்தாவோ குழந்தைக்குப் பழகிய ஒருவர் வரட்டும். அனுப்பி வைப்பது நாங்களாக இருக்கக் கூடாது, அவ்வளவே.

ஜூன் 8

மடி விஷயத்தில் ஒருவர் ஆம்புலன்ஸ் பற்றிக் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. நேற்று எழுதியது ஆஸ்பத்திரி அறைக்கு. ஓடும் வண்டியில் மடி கூடவே கூடாது. மோதினால் அம்மாவின் கை தாங்காது. அமெரிக்காவில் 2012-இல் இதற்கென்றே பரிந்துரைகள் வந்தன: குழந்தையின் அளவுக்கு ஏற்ற இருக்கையிலோ, ஸ்ட்ரெச்சரில் வாரோடோ கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே ஆறுதல் என்றால், குழந்தையின் கண்ணில் படும்படி அம்மாவைப் பெல்ட் போட்டு உட்கார வைப்பது, குரல், கைக்கு எட்டினால் விரல். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியின் சிவப்பு வெளிச்சம் இலவசமாகக் கிடைக்கும் பொம்மை. "உன் விரல் விளக்கு எரியுது பாரு, கழட்டினா அணைஞ்சுடும்." பாதி நேரம் இதுவே போதும். கழட்டிக் கழட்டிப் பார்ப்பார்கள் என்பது மீதி பாதி.

ஜூன் 10

பொய் பற்றி.

"வலிக்காது" என்று சொல்லாதீர்கள். வலித்த அடுத்த நொடியில் உங்கள் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும். அதைவிட மோசம், அடுத்து நாங்கள் சொல்லும் உண்மையும் செல்லாது. "கிள்ளுற மாதிரி இருக்கும், அஞ்சு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே ஐந்துக்குள் முடியுங்கள். முடியாது என்று தெரிந்தால் எண்ணிக்கையே வேண்டாம்.

எப்போது சொல்வது? இரண்டு வயதுக்கு, செய்வதற்குச் சற்று முன்னால். அரை மணி முன்னால் சொன்னால் அரை மணி அழும். ஐந்தாறு வயதுக்குக் கொஞ்சம் முன்கூட்டியே சொன்னால் கேள்வி கேட்டுத் தயாராகும்.

தேர்வே இல்லாத இடத்தில் கேள்வி கேட்காதீர்கள். "ஊசி போட்டுக்கலாமா கண்ணு?" என்றால் "வேணாம்" என்று பதில் வரும், அப்புறம் என்ன செய்வீர்கள்? வலது கையா இடது கையா, பார்க்கிறாயா திரும்பிக்கொள்கிறாயா, நீலக் கட்டா பச்சைக் கட்டா. இதெல்லாம் நிஜமான தேர்வு. காயம்பட்ட குழந்தை கையில் அந்த நேரத்தில் எதுவுமே இல்லை, கட்டின் நிறமாவது அதன் முடிவாக இருக்கட்டும்.

இந்த இழையில் யாரும் சொல்லாத ஒன்று: ஆஸ்பத்திரிக்கு வருவதற்குப் பல மாதம் முன்பே வேலை கெட்டுப்போயிருக்கும். "சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்." எங்களைப் பூச்சாண்டி ஆக்கியாகிவிட்டது. அதே பூச்சாண்டி பஞ்சோடு பக்கத்தில் வந்தால் குழந்தை என்ன செய்யும்? சேட்டைக்கு வேறு தண்டனை கண்டுபிடியுங்கள், எங்களை விட்டுவிடுங்கள்.

ஜூன் 12

பொம்மையே சோதனைக் கருவி ஆகிற இடம் ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது.

ஒன்றிலிருந்து நான்கு வயதுக்குள் உள்ள குழந்தையைக் கையைப் பிடித்து வெடுக்கென்று தூக்கினால், முழங்கையில் எலும்பைச் சுற்றியிருக்கும் நார் லேசாக நழுவிவிடும். வீக்கம் இருக்காது. குழந்தை கையைக் கொஞ்சம் மடக்கி, உள்ளங்கை கீழே பார்க்க, உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும். தொட்டால் அழும், விட்டால் விளையாடும், ஆனால் ஒரே கையால். பெற்றோர் முகத்தில் குற்ற உணர்ச்சி வழியும்: "நான்தான் இழுத்தேன்."

குழந்தை அம்மா மடியில் இருக்க, டாக்டர் முழங்கையைத் தாங்கி, முன்கையை ஒரு திருப்புத் திருப்புவார். கட்டைவிரலுக்கு அடியில் 'க்ளிக்' என்று உணர்வார். ஒரு வீறல், முடிந்தது. பிறகு பத்து நிமிடம் தனியாக விட்டுவிட்டு, அந்தக் கையின் பக்கம் மட்டும் எட்டும் உயரத்தில் சோப்புக் குமிழி ஊதுவோம். நல்ல கையை அம்மா பிடித்துக்கொள்வார். முதல் குமிழியைச் சந்தேகமாகப் பார்க்கும். இரண்டாவதற்கு விரல் அசையும். ஒன்று மூக்குக்கு நேரே வந்ததும் மறந்துபோய்க் கையைத் தூக்கி அடிக்கும். எக்ஸ்ரேவை விட நம்பகமான சான்று அது. குழந்தைக்குத் தனக்குச் சரியாகிவிட்டது என்று தெரிவதற்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும்.

வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். விழுந்து அடிபட்டிருந்தாலோ வீக்கம் இருந்தாலோ எலும்பு முறிவாக இருக்கலாம்; அப்போது முதலில் படம் எடுக்க வேண்டும்.

ஜூன் 13

கைக்குழந்தைகளைப் பற்றி இருவர் கேட்டார்கள். குமிழி, கதை எதுவும் செல்லாத வயது. தோலோடு தோல் வைத்து அணைப்பது, துணியில் சுற்றுவது, சப்புவதற்கு ஏதாவது, தாய்ப்பால். பிறந்த குழந்தைகளுக்கு 24 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் சில சொட்டு நாக்கில் விட்டு, இரண்டு நிமிடம் கழித்து ஊசி போடுவதும் உண்டு. இது மருத்துவமனையில் அளந்து கொடுப்பது, வீட்டுச் சர்க்கரைத் தண்ணீர் இல்லை. அடிபட்ட குழந்தைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம் என்றால் வயிறு காலியாக இருக்க வேண்டும். அதனால் பால் கொடுக்கும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

"கைக்குழந்தைக்கு வலி தெரியாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். மருத்துவர்களே வெகுகாலம் அப்படித்தான் நம்பினார்கள். போதிய மயக்க மருந்து இல்லாமலே பச்சிளம் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. ஆனந்த், ஹிக்கி என்ற இரு மருத்துவர்கள் 1987-இல் எழுதிய கட்டுரை அந்த நம்பிக்கையை உடைத்தவற்றில் முக்கியமானது. தெரியும். நன்றாகவே தெரியும்.

ஜூன் 15

எல்லாம் செய்தும் அடங்காத குழந்தை? வரும். அடிக்கடி வரும்.

அப்போது நிறுத்துங்கள். உயிர் போகிற அவசரம் இல்லையென்றால் நான்கு பேர் அமுக்கிப் பிடித்துத் தையல் போடுவதில் என்ன வெற்றி? மூக்கில் தெளிக்கும் வலி மருந்து இருக்கிறது, ஆக்சிஜனோடு பாதிக்குப் பாதி கலந்து முகமூடியில் இழுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு இருக்கிறது, கீட்டமின் என்ற மயக்க மருந்து இருக்கிறது. எல்லா இடத்திலும் எல்லாமும் கிடைக்காது, கண்காணிக்க ஆளும் வேண்டும். ஆனால் கேட்கலாம். "வேறு ஏதாவது கொடுத்துச் செய்ய முடியுமா?" என்று பெற்றோர் கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆட்டிசம் உள்ள குழந்தை என்றால் மேலே நான் எழுதிய பாதியைத் தூக்கிப் போடுங்கள். குமிழியும் டார்ச்சும் அதற்குத் தொல்லையாகவே இருக்கலாம். விளக்கைக் குறைத்து, ஆளைக் குறைத்து, எது பிடிக்கும் எது ஆகாது என்று கூட வந்தவரிடம் முதலிலேயே கேட்பது ஒன்றுதான் வழி. பெற்றோரை வெளியே நிறுத்தியிருந்தால் யாரிடம் கேட்பது?

ஜூன் 16

கோமாளிகள் வருவார்களாமே என்று கேட்டவருக்கு: ஆமாம், 1986-இல் நியூயார்க்கில் ஒரு சர்க்கஸ் குழுவினர் ஆரம்பித்தது பல நாடுகளுக்குப் பரவியது. நல்ல கோமாளி வாசலிலேயே நின்று குழந்தையின் அனுமதிக்குக் காத்திருப்பார். கோமாளியைக் கண்டு அலறும் குழந்தையும் உண்டு, நானே கொஞ்சம் ஒதுங்கித்தான் போவேன். கோமாளியா, மரத்துப்போகும் ஜெல்லை அரை மணி முன்னாலேயே வைக்கும் நர்ஸா என்று கேட்டால் என் ஓட்டு ஜெல்லுக்கு.

ஜூன் 19

வீட்டுக்குப் போன பிறகு என்ன பேசுவது என்ற கேள்வி. "எப்படிக் கத்தினே தெரியுமா" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்காதீர்கள். குழந்தையின் நினைவு அப்போதுதான் உறைகிறது. நடந்ததைவிடப் பயங்கரமாக நினைவு வைத்திருக்கும் குழந்தை அடுத்த முறை இன்னும் பயப்படும். அழவே இல்லை என்று பொய் சொல்லவும் வேண்டாம். "அழுதே, ஆனா கையை அசைக்காம வச்சிருந்தே" என்பது உண்மையும்கூட.

இழையை ஆரம்பித்தவர் கடைசியாகக் கேட்டது: ஆம்புலன்ஸில் தன்னார்வலராகச் சேர்கிறாராம், பையில் என்ன வைத்துக்கொள்ளலாம்? ஃபோன் எப்படியும் இருக்கும். கூடவே சோப்புக் குமிழிப் புட்டி, ஒரு காற்றாடி, சின்ன டார்ச், ஒட்டுப் படங்கள், அழுத்தினால் மினுங்கும் ஏதாவது ஒன்று. துடைக்க முடிகிற பொம்மையாக மட்டும் வாங்குங்கள். பஞ்சு பொம்மை என்றால் அந்தக் குழந்தைக்கே கொடுத்துவிடுங்கள், அடுத்த குழந்தைக்கு எடுத்துப்போக வேண்டாம். குமிழியைக் குழந்தை ஊதினால் அந்தக் குச்சியும் அதற்கே. ஒட்டுப் படத்தை நன்றாக நடந்துகொண்டால்தான் தருவேன் என்று பேரம் பேசாதீர்கள், வண்டியில் ஏறியதும் கொடுத்துவிடுங்கள்.

பாட்டரி தனியாக வெளியே வராதபடி திருகு போட்டு மூடிய பொம்மையா என்று பார்த்து வாங்குங்கள். விழுங்கிவிட்டால் அதற்கும் எங்களிடம்தான் வர வேண்டியிருக்கும்.